பாதை நிலவரம்

மழை பெய்கிற நாளில் சைக்கிள் ஓடுவதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. மழை விட்டு வெயில் எறிக்கிற அடுத்த நாள்தான் கவனமாக இருக்க வேண்டும். மழைக்குள் ஓடுகிறவன் பயந்து பயந்து ஓடுவான். அடுத்த நாள் வெயிலைக் கண்டதும் பாதையும் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மிதிப்பான். மரங்களுக்குக் கீழே கிடக்கிற பாதை அப்படி ஒரு நாளில் காயாது. மேலே காய்ந்ததுபோலத் தெரியும். சைக்கிள் சில்லை வைத்தால் சவர்க்காரம்போல வழுக்கும்.

எங்கிருந்து வேண்டுமென்றாலும் தொடங்கலாம் என்று சொன்னீர்கள். எனக்கு இங்கிருந்து தொடங்குவதுதான் வசதி. மொழிபெயர்க்கிற இந்தப் பிள்ளை நான் சொல்வதை அப்படியே மாற்றிச் சொன்னால் போதும். மெருகு பூச வேண்டாம். எனக்கும் இங்கிலீசு தெரியும். ஆனால் இங்கிலீசில் பேசினால் என் குரல் மன்னிப்புக் கேட்கிற குரலாகப் போய்விடுகிறது. நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. போன கிழமை உங்கள் ஊர்ப் பத்திரிகையில், அந்தப் பாலத்தால் போனவர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் இருக்கவில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. அது பிழை. முன்னறிவிப்பு இருந்தது. நான்தான் கொடுத்தேன். அதைத் திருத்தத்தான் நான் இருக்கிற நோர்பரியில் ரயிலேறி, இவ்வளவு தூரம் உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

எழுந்து நடந்தபடி சொல்லலாமா? கதிரையில் இருந்தால் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிடும். வீட்டிலும் அப்படித்தான். “ஒரு இடத்திலை இருங்கோவன். உங்களைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது” என்று என் மனைவி சிவமலர் சொல்லுவாள். அவளுக்கு வயோதிபர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. களைத்து வருகிறவள் சொல்வதில் பிழையில்லை. எங்கள் அப்பா சுண்ணக்கல் உடைக்கிறவர். எங்கள் வீட்டில் அன்றைக்கு வேலைக்குப் போகாதவனுக்குச் சோறு கடைசியில்தான் வரும். அடிச்சட்டி வழித்தது. அது ஒரு தண்டனை என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் நினைத்ததில்லை. சும்மா இருக்கிறவன் கடைசி ஆள், அவ்வளவுதான்.

இந்த நாட்டுக்கு வந்து நான் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே சல்லி மாற்றினேன். சவளால் அள்ளுகிற வேலை. முதுகு விட்டுப்போனபிறகு என்னை லுக்-அவுட் ஆக்கினார்கள். ஆட்கள் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும்போது ஒருவன் தள்ளி நின்று ரயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஊதுகுழலை ஊத வேண்டும். நான் ஊதினால் அவ்வளவு பேரும் விலகுவார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்க மாட்டான். தலை நிமிர்த்திப் பார்க்கக்கூட மாட்டான். ஐரிஷ்காரன், போலந்துக்காரன், நைஜீரியாக்காரன், எல்லாரும். எனக்குப் பிடித்த வேலை அது. பிறகு அந்த வேலையே இனி இல்லை, எல்லாம் மிசின் பார்க்கும் என்றார்கள். கைகொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் கிடந்து சிவமலரின் தலையைச் சுற்றவைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தில்லையம்பலம் அண்ணை என்னைத் தங்கள் சைக்கிள் கூட்டத்தில் சேர்த்தார். சட்டனில் குடியிருக்கிறவர். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயில் மடைப்பள்ளியில் சந்தித்த பழக்கம். “ஐசே ராசா, உமக்குக் கால் சும்மா கிடக்காதெண்டால் வாரும், ஞாயிற்றுக்கிழமையிலை எங்களோடை மிதியும்” என்றார். பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்கிக் களைத்த தகப்பன்மார், சீனி வருத்தத்துக்கு டொக்டர் வெருட்டியவர்கள், இரண்டு மூன்று பெண்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு சசெக்ஸ் பக்கம் இறங்கி, பழைய ரயில் பாதையில் ஓடுவார்கள். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்டிருக்கிற பாதை. ஏற்றம் இறக்கம் கிடையாது. ரயிலுக்காக வெட்டியது என்பதால் நேரே போகும், வயல்களுக்கு நடுவாலும் காட்டுக்கு நடுவாலும். வாகனம் வராது. கால் பழகாதவனுக்கும் சரி.

ஆனால் அது தார் ரோட்டு இல்லை. மேட்டை வெட்டிப் பாதை போட்ட பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். குதிரைகள் போய்ச் சேற்றை உழுது வைத்திருக்கும். இலையுதிர் காலத்தில் பண்ணைக்காரன் வேலிச்செடியை மிசினால் வெட்டினால் முள் முழுக்கப் பாதையில் கிடக்கும். வேர் கிளம்பி இருக்கும். கேற் பூட்டியிருக்கும். முதல் தரம் நான் போன அன்றைக்கு எல்லாரும் முழங்கால் சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றோம். அப்போது தில்லையண்ணை சொன்னார்: “ராசா சனிக்கிழமையிலை வீட்டிலை சும்மாதானே இருக்கிறார். அவர் முதல் நாள் போய்ப் பாத்து வந்து சொல்லட்டும். அவர் சொன்னபிறகு நாங்கள் வெளிக்கிடுவம்.”

அப்படி அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை நான் தனியாகப் போய் முழுப் பாதையையும் ஓடிப் பார்ப்பேன். திரும்பி வருகிற ரயிலில் இருந்து குழுவின் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவேன். “வணக்கம், ராசா கதைக்கிறன். பாதை நிலவரம்” என்று தொடங்குவேன். எந்தப் பள்ளத்தில் தண்ணீர், எந்தக் கேற்றில் இறங்க வேண்டும், எங்கே நாயோடு நடக்கிற ஆட்கள் கூடுதல். ஒன்றையும் விடமாட்டேன். தமிழில் எழுத எனக்குப் போனில் வராது. அதனால்தான் குரல். எல்லாரும் கும்பிடுகிற இரண்டு கைப் படத்தைப் பதிலாகப் போடுவார்கள். வரிசையாகக் கும்பிடு. முதல் கும்பிடு எப்போதும் தில்லையண்ணையுடையது. அதைப் பார்த்தால் எனக்குக் கால் ஆடுவது நின்றுவிடும். உண்மையாகத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் நான் கதிரையில் அசையாமல் இருந்து தேத்தண்ணி குடித்ததைச் சிவமலர் கண்டிருக்கிறாள்.

பிழை எங்கே தொடங்கியது என்றால், முள்ளில்.

ஒரு சனிக்கிழமை, பாதையோரம் மிஞ்சிக் கிடக்கிற பழைய ரயில் பிளாட்பாரம் தாண்டியதும் பாதை முழுக்க முள். வேலி வெட்டிய புதுசு. நான் செய்தியில் சொன்னேன். அடுத்த நாள் கூட்டம் முழுவதும் பாதையை விட்டு மெயின் ரோட்டால் சுற்றிப் போனது. ஏற்றம், எதிர்க்காற்று. பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் வந்து பார்த்தால், யாரோ ஊர்க்காரர் தும்புத்தடியால் கூட்டிப் பாதையைத் துடைத்து வைத்திருக்கிறார். ஒரு முள் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹரோவில் இருந்து வருகிற சயந்தன் என்ற பெடியன், கம்பியூட்டர் வேலை, “அங்கிளுக்கு முள்ளுக் கனவு வந்திருக்கு” என்றான். சிரித்தார்கள். தில்லையண்ணையும் சிரித்தார். “விடுங்கோடா, ராசா எங்களுக்குக் கொழுப்புக் குறையட்டும் எண்டு நினைச்சிருக்கிறார்” என்றார். எனக்காகத்தான் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்தக் கிழமை நான் எவ்வளவு தூரம் வீட்டுக்குள் நடந்தேன் என்று சிவமலரைக் கேட்டால் சொல்லுவாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அதே இடத்தில் வேலியோரம் முள்ளை ஒரு குவியலாகக் கூட்டி வைத்திருந்தது. ரயில்வரை பொறுக்காமல் நான் செய்தியை முதலில் போட்டேன், பிளாட்பாரம் தாண்டி முள் கிடக்கிறது என்று. போட்ட பிறகு, தண்டவாள வேலைக்குப் போட்ட பழைய கையுறையைப் போட்டுக்கொண்டு அந்த முள்ளை எடுத்துப் பாதையில் திரும்பப் பரப்பினேன். நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பாதை எப்படி இருந்ததோ அப்படித் திரும்ப வைத்தேன். நான் சொன்னது உண்மை. உண்மையை யாரோ கூட்டித் தள்ளியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேருக்குக் காற்றுப் போனது. போன முறை கனவு என்று சிரித்தவர்கள், இந்த முறை சுற்றிப் போகவில்லை. எல்லாருடைய சில்லையும் நானே கழற்றினேன். முள்ளை விரலால் தேடி எடுத்தேன், ரியூப்பை ஒட்டினேன், பூட்டிக் கொடுத்தேன். கை கறுத்துப்போனது. சயந்தன் பக்கத்தில் குந்தி இருந்து, “ஸொரி அங்கிள், நீங்கள் சொன்னனீங்கள்தான்” என்றான். தோர்ண்டன் ஹீத்தில் இருந்து வருகிற தாதி பிறேமினி தன் பெட்டியில் இருந்து மீன் வைத்த மாலுபணிஸ் ஒன்றை எடுத்து, என் கை அழுக்கு என்றபடியால் தானே பிய்த்து என் வாயில் வைத்தாள். “சாப்பிடுங்கோ ராசா அண்ணை, உங்களுக்குத்தான் இண்டைக்கு முதல் பணிஸ்” என்றாள்.

நான் வளர்ந்த வீட்டில் கடைசிச் சோறு யாருக்கு என்று உங்களுக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் பொய்யாகப் போக விட்டதில்லை. வேர் கிளம்பியிருக்கிறது என்று சொன்னால், யாரும் மண் போட்டு மூடியிருந்தால் கிளறி விடுவேன். தண்ணீர் நிற்கிறது என்று சொன்னால், தண்ணீர் நிற்க வேண்டும். மேடு வெட்டிய பள்ளத்தில் ஓரமாக ஒரு வாய்க்கால் இருக்கிறது. பாதையைப் பராமரிக்கிற தொண்டர்கள் வந்து அதைத் துப்புரவாக்கினால் பாதை காயும். நான் இலைகளை அள்ளி அந்த வாய்க்காலை அடைத்துவிட்டேன். குளிர்காலத்தில் அந்த இலைகள் எப்படியும் விழுந்து அடைக்கும். நான் கொஞ்சம் முந்தினேன். செய்தியில் தெளிவாகச் சொன்னேன்: “பள்ளத்துக்குள்ளை வழுக்கும், இறங்கி உருட்டிக்கொண்டு போங்கோ.”

பிறேமினி இறங்கவில்லை. முன்சில்லு வழுக்கி, தோளடியாக விழுந்தாள். காறையெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப்பழமும் இஞ்சி போட்ட இரசமும் கொண்டு போனேன். சிவமலர் வைத்துக் கொடுத்த இரசம். பிறேமினி கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள். “நீங்கள் சொன்னனீங்கள் எல்லோ அண்ணை. நான்தான் கேக்கேல்லை. கும்பிட்டைப் போட்டிட்டு சமைக்கப் போட்டன்.”

“பரவாயில்லை பிள்ளை, இனிக் கேள்” என்றேன். பிளாஸ்கில் இருந்து இரசத்தை ஊற்றி ஊதி ஊதிக் கொடுத்தேன். கரண்டி என் கையில் ஆடவில்லை. அவள் வருத்தத்தைக் கண்டு எனக்குக் கவலையாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஆனால் ஒழுங்கு வந்துவிட்டது என்ற நிம்மதியும் இருந்தது. அதற்கு ஒரு எலும்பு அதிக விலை இல்லை. எலும்பு பொருந்தும்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என் செய்தியை எல்லாரும் கேட்டார்கள். கும்பிட்டோடு கேள்வியும் வரும். “அண்ணை, ரெண்டாவது கேற்றோ மூண்டாவது கேற்றோ?” “அங்கிள், குதிரைச் சாணம் எண்டது எந்தப் பக்கம்?” நான் ரயிலில் இருந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லுவேன். நல்ல காலம்.

நல்ல காலம் நிற்காது. கோடை வந்தது, பாதை காய்ந்தது. கேள்விகள் குறைந்தன. கும்பிடுகள், செய்தி போட்ட உடனேயே வரத் தொடங்கின. நான் கதைத்த நீளத்துக்கு யாரும் கேட்டு முடித்திருக்க ஏலாது. நான் இன்னும் விளக்கமாகக் கதைத்தேன். கும்பிடு இன்னும் கெதியாக வந்தது. இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிற வேகத்தில் வந்தது.

இலையுதிர் காலம் திரும்ப வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிளாட்பாரத்தில் தேத்தண்ணிக்கு இருந்தோம். நான் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தேன். சயந்தன் போனைக் காட்டினான்.

“அங்கிள், குறை நினைக்காதையுங்கோ. உங்கட வொய்ஸ் நோட் நல்ல நீளம். நான் ரெண்டு மடங்கு ஸ்பீட்டிலை போட்டுத்தான் கேக்கிறது. ஒரு மேப் செய்து தாறன். பச்சை, மஞ்சள், சிவப்பு. நீங்கள் விரலாலை தட்டிவிட்டாப் போதும்.”

“கதைக்கத் தேவையில்லையோ?” என்று கேட்டேன்.

“தேவையில்லை. எவ்வளவு சுகம் உங்களுக்கு.”

தில்லையண்ணை குறுக்கே விழுந்தார். அவர் வாயில் கடித்த ரோல்ஸ். “டேய் தம்பி, ராசான்ர ஓடியோவிலை கை வையாதை. சனிக்கிழமை அது வந்தாத்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வருகுது எண்டு தெரியும்.”

“நீங்கள் முழுக்கக் கேக்கிறனீங்களோ அங்கிள்?” என்றான் சயந்தன்.

“நானோ?” தில்லையண்ணை தொடையில் தட்டிச் சிரித்தார். “ஒரு நாளும் கேட்டதில்லை. அது வந்த சத்தம் கேட்டதும் கும்பிட்டைப் போட்டிட்டுப் போனைக் கவிழ்த்து வைச்சிடுவன். ராசா போய்ப் பாத்திட்டு வந்திட்டார் எண்டால் பேந்தென்ன கேக்கிறது? ஆமிக்காரன் ரோட்டைச் செக் பண்ணி விட்டமாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பன்.” என் பக்கம் திரும்பினார். “என்ன ராசா, சரிதானே? கோயிலுக்குப் போனால் கும்பிடுறது. ஐயர் சொல்லுற மந்திரத்தை ஆர் இருந்து கேக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் என்னைக் குத்திக் கதைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அவர் மனதில் அது எனக்குச் செய்த மரியாதை. எனக்காகத்தான் அந்தப் பெடியனோடு மல்லுக்கட்டினார். இந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு வேலை தந்தவரே அவர்தான். முதல் கும்பிடு அவருடையது. அந்த முதல் கும்பிட்டுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு காலமும் நான் மழைக்குள்ளும் குளிருக்குள்ளும் போய்ப் பார்த்து வந்து, கவிழ்த்து வைத்த போனுக்குக் கதைத்திருக்கிறேன்.

நான் ஊதுகுழல் ஊதிய காலத்தில் ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொன்னேன். அது வேறு. அவர்கள் பார்க்காமல் விலகினார்கள். தில்லையண்ணை பார்க்காமல் வந்துகொண்டிருந்தார்.

பாலத்துக்கு வருகிறேன்.

அது நீங்கள் பார்த்திருக்கிற பாலம். இரண்டு பக்கமும் ரயில்காரன் கட்டிய செங்கல், நடுவில் பலகை. கீழே கல் படுக்கையில் சின்ன ஆறு. நடுப்பலகைகள் சில ஈரத்தில் உக்கிப்போய்விட்டன. பார்த்தால் தெரியாது. மேலே இலையும் பாசியும் மூடியிருக்கும். பலகை உக்கியதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஒரு ஆணியில்கூட நான் கை வைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது பாலத்துக்குக் குறுக்கே செம்மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் தடுப்புகள் வைத்திருந்தார்கள். மூடப்பட்டது என்று ஒரு பலகை. பக்கத்தில் மேட்டால் கீழே இறங்குகிற மண்படிக்கு அம்புக்குறி. இறங்கி ஆற்றைக் கல்லால் கடந்து மற்றப் பக்கம் ஏறலாம். நான் அங்கே நின்று செய்தியைப் பதிந்தேன். முதல் கேற், இரண்டாவது கேற், குதிரைச் சேறு, வேர், பிறகு பாலம். “பாலத்தாலை ஒருதரும் போகவேண்டாம். நடுப்பலகை உக்கிப்போச்சு. படியாலை இறங்கிக் கல்லாலை கடவுங்கோ.” நீங்கள் அதைப் போட்டுக் கேட்டிருப்பீர்கள். பாலத்தை ஏன் கடைசியில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். பாலம் பாதையில் கடைசியில்தான் வருகிறது.

செய்தியைப் போட்டேன். கும்பிடு வந்தது. முதல் கும்பிடு, நான் போனைச் சட்டைப் பைக்குள் வைக்க முதலே.

பிறகு அந்தத் தடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலம் பிழை என்று நான் சொல்லிவிட்டேன். தடுப்பும் அதையே சொல்கிறது. நாளைக்கு எல்லாரும் வருவார்கள், தடுப்பைக் காண்பார்கள், இறங்கிப் போவார்கள். என் செய்தியைக் கேட்டவனும் இறங்குவான், கேளாதவனும் இறங்குவான். அப்படியென்றால் நான் எதற்கு? ஒரு பிளாஸ்டிக் துண்டு செய்கிற வேலைக்கா நான் ரயிலேறி வந்தேன்? அது நியாயமாகப் படவில்லை.

இழுத்தேன். தண்ணீர் நிரப்பின தடுப்பு, பாரம். முதுகு நொந்தது. தக்கையைக் கழற்றித் தண்ணீரை வெளியே விட்டுப் பிறகு இழுத்தேன். மேட்டின் மற்றப் பக்கம் காஞ்சோண்டிப் பற்றைக்குள் உருட்டிவிட்டேன். அம்புக்குறிப் பலகையையும். பத்திரிகையில் இளம் பெடியள் விளையாட்டுக்குச் செய்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஊர்ப் பெடியளுக்கு அந்தப் பழி வேண்டாம். நான்தான் இழுத்தேன். என் கையுறையின் நூல் அந்தத் தடுப்பில் இருக்கும், பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதுகு நோ, வரவில்லை என்று குழுவில் சொன்னேன். நோவு பொய்யில்லை. ஆனால் முதல் ரயிலில் வந்து பாலத்துக்குக் கீழே, மண்படி முடிகிற இடத்தில் நின்றேன். படியால் இறங்குகிறவர்களுக்குச் சைக்கிளைப் பிடித்து இறக்க ஒரு ஆள் தேவை. பிறேமினியின் தோள் இன்னும் முழுதாகச் சரியில்லை. அதற்காகத்தான் நின்றேன். அப்படித்தான் வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது நினைத்தேன்.

வெயில் அடித்தது. முதல் நாள் மழை.

தில்லையண்ணை முன்னுக்கு வந்தார். அவருக்கு மகள் கம்சிகா அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு பற்றரிச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் அவர் எப்போதும் மற்றவர்களை விட்டு முன்னுக்குப் போய்விடுவார். என்ன பாட்டோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் பின்னால் சயந்தன். பாலத்தைக் கண்டதும் சயந்தன் பிறேக் பிடித்தான். “அங்கிள், நில்லுங்கோ, ராசா அங்கிள் சொன்னவர், பாலம் சரியில்லை” என்று கத்தினான். அவன் கேட்டிருந்தான். இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டிருந்தாலும் கடைசிவரை கேட்டிருந்தான். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவனைப்பற்றி நான் பிழையாக நினைத்திருந்தேன்.

அவன் கத்தியது தில்லையண்ணைக்குச் சரியாக விளங்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ராசா என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தாமல் தலையைத் திருப்பி, “ஓம் ஓம், ராசா பாத்தவர்” என்று சொல்லி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். அப்படியே பலகையில் ஏறினார்.

பலகை பெரிய சத்தம் போடவில்லை. நனைந்த பலகை சத்தம் போடாது.

நான்தான் முதலில் அவரிடம் போனேன். சைக்கிளை அவர் மேலிருந்து தூக்கினேன். தலையை அசைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அசைக்கவில்லை. கண் திறந்திருந்தது. என்னைக் கண்டு அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதை நான் கண்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தேன். அதை அந்த அம்புலன்ஸ்காரப் பெண்ணைக் கேளுங்கள். அவள் என்னை விலக்கித்தான் அவரை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று சயந்தன் பின்னேரம் போன் எடுத்துச் சொன்னான்.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்வி எனக்கு விளங்குகிறது. அவர் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அவரே என் முகத்துக்கு நேரே சொன்னார். தடுப்பை எடுத்தால் அவர் ஏறுவார் என்று தெரியுமா என்றால், அதுவும் தெரியும். வேறு யாருக்காகவும் நான் அதை எடுக்கவில்லை. இதை நான் மறைக்கவில்லை. உங்களுடைய வேலைக்கு எந்தச் சொல் வேண்டுமோ அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன்.

நான் நின்ற இடத்தில் இருந்து பாலம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்கள். தூரம் இல்லை. அவர் முணுமுணுத்த பாட்டு எனக்குக் கேட்டது. சயந்தன் பின்னால் நின்றான், காற்றுக்கு எதிராகக் கத்தினான். நான் முன்னால் நின்றேன். சாதாரணமாகக் கூப்பிட்டாலே கேட்டிருக்கும்.

கூப்பிடவில்லை. ஏன் என்று நானும் இந்தக் கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்து நடந்து யோசித்தேன். சனிக்கிழமை ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கத்தினால் சனிக்கிழமை சொன்னதற்கு என்ன அர்த்தம்? கத்தியிருந்தால் நின்றிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நின்று, எட்டிப் பார்த்து, “அட ராசா, நீர் நிக்கிறீர்தானே, பேந்தென்ன எனக்கு” என்று சிரித்திருப்பார். கல்லால் ஆற்றைக் கடந்து வந்து எனக்குத் தன் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பார்.

அடுத்த சனிக்கிழமையும் கேட்டிருக்க மாட்டார்.